தண்ணி காட்டும் படகு

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக் கார்களின் நம்பர் பிளேட்டில் '10,000 ஏரிகள்' என்று போட்டிருக்கும். அது தன்னடக்கம். பத்து ஏக்கருக்குக் குறையாதவையே 11,842 என்பது அரசாங்கக் கணக்கு. இத்தனை ஏரி இருந்தும் நம்மவர் படகு நிற்பது வீட்டு வாசலில், டிரெய்லர் மேல்.

நம்மவர் என்றால் யாரோ ஒருவர் அல்ல; அங்கே தெருவுக்கு ஒருவர் தேறுவார். வயது ஐம்பதுக்கு மேல். படகு அவரைவிடக் கொஞ்சம் இளையது. ஃபைபர் உடம்பு, பின்னால் ஓர் அவுட்போர்டு மோட்டார். வாங்கிய விலையை ஊருக்கே சொல்வார். அதற்கப்புறம் ஆன செலவைக் கேட்டால் மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பார்.

அவருக்கு ஒரு ஜன்ம விரோதி உண்டு: படகை முன்பு வைத்திருந்த மனிதர். டாஷ்போர்டைக் கழற்றும்போதெல்லாம் அவருக்கு அர்ச்சனை நடக்கும். நியாயமும் இல்லாமல் இல்லை. படகு ஒயர்களுக்கு நிற முறை உண்டு. உள்ளே தேங்கும் நீரை இறைக்கும் பம்புக்குப் பழுப்பு, இரவில் மற்ற படகுகளுக்குத் தெரியும்படி எரியும் விளக்குகளுக்குச் சாம்பல், நெகட்டிவுக்கு மஞ்சள் அல்லது கறுப்பு. முன்னவரோ எல்லாவற்றுக்கும் சிவப்பையே இழுத்திருக்கிறார். அதுவும் வீட்டு வேலையில் மிஞ்சிய ஒயர். வெள்ளீயப் பூச்சு இல்லாத செம்பு ஈரத்தில் பச்சை பூத்துக் கிடக்கிறது. ஹாரனை அழுத்தினால் பம்பு ஓடுகிறது. பம்பைப் போட்டால் விளக்கு மங்குகிறது. ஹாரன் மட்டும் எதற்கும் வாய் திறப்பதில்லை.

மல்டிமீட்டரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டர் மாதிரி படகைச் சுற்றுவார். "எர்த் சரியில்லை" என்பார். பாதி நேரம் அது உண்மையாகவும் இருந்து தொலைக்கும்.

அடுத்தது டிரிம்; மோட்டாரின் சாய்வை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் ஏற்பாடு. பல மோட்டார்களில் ஏற்ற நீல ஒயர், இறக்கப் பச்சை. மேலே வானம், கீழே புல் என்று மனப்பாடம் செய்து, பிழையில்லாமல் இணைத்துப் பொத்தானை அழுத்துவார். ரிலே 'டக்' என்று பதில் சொல்லும். மோட்டாருக்குக் காது கேட்காது. ஒருநாள் ஏறியது. ஏறியது இறங்கவில்லை. அந்தக் கோலத்திலேயே கோடை கழிந்தது.

விளிம்பைச் சுற்றி ஒரு வினைல் பட்டை. வெயிலில் சுருங்கியதை வெந்நீரில் இளக்கி, இழுத்து இழுத்துச் செருகிக்கொண்டே போவார். பின்முனைக்கு வந்து சேரும்போது முன்முனை வெளியே வந்து எட்டிப் பார்க்கும்.

எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும் நாளும் வருவதுண்டு. ஏரியில் ஒரு சுற்று வந்து இறங்குவார். முகத்தில் களை இருக்காது. "ஏதோ சத்தம் கேட்டதே, உனக்குக் கேட்கவில்லையா?" என்று மனைவியிடம் விசாரிப்பார். மறுநாள் விடியும்போது டாஷ்போர்டு தரையில் கிடக்கும். ஏரிகள் உறைந்த பிறகுதான் மனுஷருக்கு நிம்மதி, வசந்தம் வரை "எப்போது ஓட்டப் போகிறீர்கள்?" என்று யாரும் கேட்க முடியாதே.

கடைசியில் ஒருநாள் விற்றுவிடுவார். விற்பதற்கு முந்தின இரவு, அவசரத்தில் கைக்குக் கிடைத்த துண்டு ஒயரை வைத்து ஹாரனையும் பேச வைத்திருப்பார். அந்தத் துண்டு சிவப்பு. ஆகவே, பழைய படகு வாங்க நினைப்பவர்களே, விலை பேசுவதற்கு முன்னால் டாஷ்போர்டைக் கழற்றிப் பாருங்கள்.