ஒன்பது மாத வாத்தியார்

அமெரிக்கக் கல்லூரி நூலகம் ஒன்றின் கவுண்டரில் நின்று பழகியவனுக்கு, உள்ளே வருகிறவர் யார் என்று சொல்ல அடையாள அட்டை தேவையில்லை. காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு தரையைப் பார்த்தபடி வந்தால் மாணவர். கையில் காபியும், யாரிடமோ மாட்டிக்கொள்ளாமல் தப்பிக்கும் முகமுமாக வந்தால் பேராசிரியர். கால் வைத்ததும் வைக்காததுமாகப் பையை எங்கே ஒப்படைப்பது என்று சுற்றுமுற்றும் தேடினால், சந்தேகமே வேண்டாம், வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் மொழி உதவியாசிரியர்.

"பையை உள்ளேயே கொண்டுபோகலாம்" என்போம். நம்பமாட்டார்.

"தண்ணீர் பாட்டில்?"

"அதுவும்."

"சாண்ட்விச்?"

"அதுவும்தான். நெடி அடிக்காமல் இருந்தால் சரி."

ஏதோ வழக்கில் சிக்கவைக்கப் பார்க்கிறோம் என்ற சந்தேகத்தோடு, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடப்பார். அலமாரிகளுக்குப் பூட்டு இல்லை, வேண்டிய புத்தகத்தைத் தானே எடுத்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் புரிய இன்னும் ஒரு வாரம் ஆகும். அதன் பிறகு அவரை வெளியேற்றுவதுதான் எங்கள் வேலை.

இந்த இனத்தில் பல கிளைகள் உண்டு. லியோனிலிருந்து பிரெஞ்சுக்கு, சலமன்காவிலிருந்து ஸ்பானிஷுக்கு என்று கல்லூரிகள் தாங்களே வரவழைத்துக்கொள்பவர்கள் ஒரு கிளை. ஃபுல்பிரைட் திட்டத்தின் கீழ் வருகிற, எஃப்.எல்.டி.ஏ. எனப்படும் மொழி உதவியாசிரியர்கள் பெரிய கிளை. செனட்டர் ஃபுல்பிரைட் 1946இல் கொண்டுவந்த சட்டத்திலிருந்து முளைத்த திட்டங்களில் இதுவும் ஒன்று. தன் ஊரில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த இளைஞரைப் பிடித்து, விமானம் ஏற்றி, இங்கே கொண்டுவந்து அவருடைய தாய்மொழியைச் சொல்லிக்கொடுக்க வைப்பார்கள். அவரும் வாழ்நாள் முழுக்கப் பேசிய மொழியில் வினைச்சொல் எப்படித் திரிகிறது என்பதை முந்தைய நாள் இரவுதான் நூலகத்தில் உட்கார்ந்து படித்துவிட்டு வகுப்புக்குப் போவார். தாய்மொழி இலக்கணத்தை அமெரிக்கர் எழுதிய புத்தகத்திலிருந்து கற்றுக்கொள்ளும் அந்த முகத்தைப் பார்க்கவேண்டும். கோபமும் இருக்கும், குறிப்பும் எடுத்துக்கொண்டிருப்பார்.

பாடம் நடத்துவது மட்டும் இல்லை. ஒவ்வொரு பருவத்திலும் அவரே வகுப்புகளில் உட்கார்ந்து படிக்கவும் வேண்டும். விசாக் கணக்கில் பட்டம் வாங்காத மாணவர். வகுப்பறைக் கணக்கில் ஆசிரியர். சம்பளக் கணக்கில் எந்தப் பெயர் என்பதை அக்கவுண்ட்ஸ் பகுதி அக்டோபர் வரை யோசிக்கும். ஆனால் எங்கள் கணினிக்கு யோசனை ஆகாது. அதில் கீழிறங்கும் பட்டியலில் நான்கே சாதி: மாணவர், ஆசிரியர், ஊழியர், ஊர்க்காரர். மாணவருக்குப் புத்தகம் நான்கு வாரம். ஆசிரியருக்கு மே மாதம் வரை. இந்த வித்தியாசத்தை நம்மவர் எப்படித்தான் மோப்பம் பிடிப்பாரோ, மூன்றாவது நாளே தெரிந்துவைத்திருப்பார்.

"நான் ஆசிரியர். இதோ, டைம்டேபிளில் என் பெயர்" என்று நீட்டுவார். சரி, ஆசிரியர். ஆனால் பரீட்சை வாரத்தில், நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும் நூலகத்தில், மாணவர்களுக்கென்று இலவச பீட்சா வரும்போது வரிசையில் முதலில் நிற்பவரும் இவரே. "நானும் இரண்டு பாடம் படிக்கிறேனே!" அதே வாரத்தில் மாணவர்களின் மனப்பதற்றத்தைத் தணிக்கப் பயிற்சி பெற்ற நாய்களைக் கூட்டிவந்து நூலகத்தில் உட்கார வைப்பது இங்கே பல கல்லூரிகளில் வழக்கம். மாணவர்கள் வரிசையாக வந்து தடவிவிட்டுப் போவார்கள். நம்மவர் நாயோடு ஒரு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புவார். 'நூலகத்துக்குள் நாயை விட்டிருக்கிறார்கள், ஒருவரும் விரட்டவில்லை' என்பதுதான் தலைப்பாக இருக்கும்.

மரியாதை விஷயத்தில் அவர் படும் பாடு தனி. எங்கள் தலைமை நூலகர் முனைவர் பட்டம் பெற்ற பெரியவர். எல்லாரும் முதல் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். நம்மவருக்கு நாக்கு வராது. 'மேடம்' என்று ஆரம்பிப்பார். மேடம் வேண்டாம் என்று அவர் சொல்ல, பெயருக்கு முன்னால் 'மிஸ்' சேர்ப்பார். அதுவும் வேண்டாம் என்றதும், இனிமேல் கூப்பிடுவதே இல்லை என்று முடிவுகட்டி, அவர் திரும்பிப் பார்க்கும்வரை பக்கத்தில் நின்று லேசாக இருமுவார். ஒன்பது மாதமும் இருமல்தான். கல்லூரி மருத்துவரைப் பார்க்கும்படி ஒருமுறை அந்த அம்மாள் பரிவோடு சொன்னதாகக் கேள்வி.

துறைவாரியாக நூலகர் உண்டு, நேரம் கேட்டால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வழிகாட்டுவார் என்று தெரிய வரும்போது அவர் முதலில் கேட்பது, "கட்டணம் எவ்வளவு?" கட்டணம் இல்லை என்றதும் "ஒரு சின்ன சந்தேகம்" என்று தொடங்குவார். அந்தச் சின்ன சந்தேகத்துக்கு ஆறு உட்பிரிவு இருக்கும். இதில் யாருக்கும் வருத்தம் இல்லை. உண்மையைச் சொன்னால், எங்கள் நூலகர்கள் இவரைக் கண்டதும் மலர்ந்துபோவார்கள். வெப்சைட்டில் நாங்கள் அடுக்கி வைத்திருக்கும் சேவைகளை மாணவர்கள் படிப்பதில்லை. பேராசிரியர்கள் தங்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறார்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து, "நீங்கள் குடைகூடக் கடன் கொடுக்கிறீர்களாமே?" என்று கேட்டு வருபவர் இவர் ஒருவர்தான். குடை, சார்ஜர், டிரைபாட், கால்குலேட்டர் எல்லாம் ஒரு சுற்று அவர் கைக்குப் போய்விட்டு வரும். கால்குலேட்டர் எதற்கு? "டாலரை மாற்றிப் பார்க்க."

அப்புறம் ஒரு நாள் அவருக்கு ஐ.எல்.எல். கிடைக்கிறது.

எங்களிடம் இல்லாத புத்தகத்தை வேறு நூலகத்திலிருந்து கடன் வாங்கித் தரும் ஏற்பாடு அது. ஒஹாயோ மாநிலக் கல்லூரிகள் 1967இல் தங்களுக்குள் தொடங்கிய ஓ.சி.எல்.சி. என்ற கூட்டமைப்பு இன்று உலகம் முழுக்கப் பரந்து, எந்தப் புத்தகம் எந்த நூலகத்தில் இருக்கிறது என்று ஒரே பட்டியலில் காட்டுகிறது. ஒரு படிவத்தை நிரப்பினால் போதும். எங்கோ ஓர் ஊரில் யாரோ அலமாரி ஏறி எடுத்து, அஞ்சலில் போட்டு, எங்கள் கவுண்டருக்கு அனுப்பிவைப்பார். வாசகர் காசு கொடுக்க வேண்டாம். இதைக் கேட்டதும் நம்மவருக்குக் காய்ந்த மாடு கம்பில் புகுந்த கதைதான். முதல் வாரம் இரண்டு புத்தகம். அடுத்த வாரம் தள்ளுவண்டி.

கெய்ரோவிலிருந்து வந்த ஓர் அரபு உதவியாசிரியர் முதலில் வரவழைத்தது அவருடைய சொந்தப் பேராசிரியர் எழுதிய புத்தகத்தை. "உங்கள் கல்லூரியில் இல்லையா?" என்று கேட்டேன். இருந்ததாம், கண்ணாடி பீரோவுக்குள். அட்டையைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் போவாராம். சாவி வைத்திருந்தவர் லீவில் போனவர் போனவர்தானாம். அட்டையைச் சுற்றி, 'இந்தப் பட்டையைக் கிழிக்க வேண்டாம்' என்று அச்சடித்த காகிதப் பட்டையோடு அந்தப் புத்தகம் வந்து சேர்ந்தது. மூன்று வாரம் வைத்திருந்தார். பட்டையில் ஒரு மடிப்பு விழாமல், அதற்குள்ளேயே சுவடியைப் போலப் பக்கம் பக்கமாகத் திறந்து படித்துத் திருப்பிக் கொடுத்தார்.

தமிழுக்கு ஆள் வருவது பெரும்பாலும் பெரிய பல்கலைக்கழகங்களுக்குத்தான். ஒரு வருடம் எங்களுக்கும் யோகம் அடித்தது. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். முதல் நாள் என்னை 'சார்' என்றாள். கழுத்தில் தொங்கிய பெயரைப் படித்துவிட்டு மறுநாளே 'அண்ணா'. கேட்டலாக்கில் புதுமைப்பித்தனைத் தேடிவிட்டு, முகம் சிவக்க வந்து நின்றாள்.

"அண்ணா, என்னண்ணா இது, புதுமைப்பித்தனே இல்லையாம்!"

இருந்தார். அமெரிக்க நூலகங்கள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுத ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கின்றன. 'த'வுக்கு 'டி' மட்டும்தான், பின்னால் 'எச்' கிடையாது. 'ச' எங்கே வந்தாலும் 'சி'. 'ழ' என்றால் 'எல்'லுக்குக் கீழே ஒரு கோடு. நாம் பிறந்ததிலிருந்து கையெழுத்துப் போட்டுவரும் எந்த ஸ்பெல்லிங்கும் அங்கே செல்லாது. சிதம்பரத்தைக் கேட்டால் பகுதிநேர வேலை பார்க்கும் மாணவர் 'சிட்டாம்பராம்' என்று உரக்க வாசித்து, சரியான புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுப்பார். ஒரு மாதத்தில் அவள் தேறிவிட்டாள். தேறியது எப்படித் தெரிந்தது என்றால், அம்மாவுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியிலும் 'எச்' காணாமல் போயிருந்தது.

அதற்குப் பிறகுதான் வேட்டை. 1960களில் வந்த நாவல்கள், பதிப்பகமே மூடிப்போன சிறுகதைத் தொகுப்புகள், கோயில் தலபுராணங்கள் என்று சிகாகோவிலிருந்தும் விஸ்கான்சினிலிருந்தும் வந்து இறங்கின.

"திருநெல்வேலியில தேடாத பழைய புத்தகக் கடை இல்லண்ணா. இது எப்படிண்ணா இங்க வந்துச்சு?"

"கோதுமைக்கு வந்தது" என்றேன்.

கேலி செய்கிறேன் என்று நினைத்தாள். கேலி இல்லை. பி.எல். 480 என்ற 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்கா நமக்குக் கோதுமை விற்று, விலையை ரூபாயாக வாங்கிக்கொண்டது. அந்த ரூபாய் இந்தியாவிலேயே கிடந்தது. அதில் ஒரு பகுதியை எடுத்து, 1962 முதல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இந்திய மொழிகளில் வெளிவரும் புத்தகங்களை வாங்கி இங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. நம் தாத்தாக்கள் ரேஷன் கடையில் வரிசையில் நின்று சலித்துக்கொண்டே சாப்பிட்ட சப்பாத்திக்குப் பதிலாக, அவர்கள் படித்த தொடர்கதைகள் கப்பலேறி வந்து, குளிரூட்டிய அறையில் பத்திரமாக இருக்கின்றன. சிலவற்றில் பக்க ஓரம்கூட வெட்டப்படவில்லை. தேதி முத்திரை குத்தும் தாளில் ஒரு முத்திரையும் இல்லை. அந்த வெற்றுத் தாளை விரலால் தடவிக்கொண்டே அவள், "பாவம்ணா, அம்பது அறுபது வருஷமா யாருமே கேக்கல" என்றாள். எனக்கு ஏதோ பெண் பார்க்க வந்த வீட்டில் நிற்பதுபோல் சங்கடமாக இருந்தது.

அவளிடம் புத்தகம் நாற்பதைத் தாண்டியபோது தலைமை நூலகர் ஒரு நாள் மெல்ல விசாரித்தார். பேச்சுவாக்கில், "உங்கள் ஊர்க்காரர் ரங்கநாதனைப் படித்துத்தான் நாங்களெல்லாம் நூலகர் ஆனோம்" என்றும் சொல்லிவைத்தார். இவள் திருதிருவென்று விழித்தாள். சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிவைத்த ஐந்து விதிகளை இங்கே நூலகப் படிப்பில் சேர்கிற எல்லாரும் படிக்கிறார்கள். நம் ஊரில் அவரைத் தெரிந்தவர்கள் நூலகர்கள், மற்றும் நூலகர் தேர்வு எழுதுகிறவர்கள். அன்று இரவே அவரை முழுக்கப் படித்துவிட்டு, காலையில் அவருடைய பேத்தி முறையாகிறவளைப் போல வந்து நின்றாள். "ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும் என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். ஒரு வாசகருக்கு நாற்பது கூடாது என்று எங்கேயும் சொல்லவில்லையே?" தலைமை நூலகர் சிரித்துவிட்டார். கெடு நீண்டது.

டிசம்பரில் ஒரு சோதனை உண்டு. மாணவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், உணவுக்கூடம் மூடிவிடும், நூலகமும் ஒரு வாரம் அடைத்துவிடும். அறிவிப்பை இரண்டு வாரம் முன்பே ஒட்டுவோம். ஆனாலும் பூட்டிய அன்று காலை பனியில் நின்று கண்ணாடிக் கதவில் மூக்கை வைத்து உள்ளே பார்ப்பார் ஒருவர். யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஸ்கேனரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மார்ச் மாதம் வந்ததும் இவருக்கு ஊர் திரும்பும் நினைப்பு வந்துவிடும். புத்தகத்தைக் கொண்டுபோக முடியாது, பக்கத்தைக் கொண்டுபோகலாம். ஸ்கேனருக்கு மேலே பதிப்புரிமைச் சட்டத்தை விளக்கும் எச்சரிக்கைப் பலகை மாட்டியிருக்கிறோம். அதன் அடியில், அதை ஒருமுறை பக்தியோடு வாசித்துவிட்டு, வேலையைத் தொடங்குவார். இரண்டு மணி நேரக் கெடுவில் மட்டும் தரும் ரிசர்வ் பாடப்புத்தகமும் அந்தக் கண்ணாடியில் குப்புறப் படுத்து எழும். ஒரு அத்தியாயத்தோடு நிறுத்துகிறாரா என்று பார்ப்பது என் வேலையில் சேர்த்தி. அந்த நேரத்தில் எனக்குப் பெரும்பாலும் கிடங்கில் வேலை வந்துவிடும். இவர்கள் எடுக்கும் பிரதிகளுக்கு ஓர் அடையாளம் உண்டு: இடது ஓரத்தில், பக்கத்தை அழுத்திப் பிடித்த கட்டைவிரல்.

மே மாதம் கணக்கு முடிக்கும் நாள். தள்ளுவண்டியில் புத்தகங்கள் திரும்பி வரும். ஒன்றுகூடக் குறையாது. எடுத்த புத்தகத்தை மறந்துவிட்டுப் போகும் கெட்ட பழக்கம் முழுநேரப் பேராசிரியர்களுக்கு உரியது. வெளியே போகும் வழியில், நாங்கள் கழித்துக் கட்டிய புத்தகங்களை 'இலவசம், எடுத்துக்கொள்ளவும்' என்று எழுதி ஒரு வண்டியில் வைத்திருப்போம். பெட்டிக்கு 23 கிலோ என்று விமானக் கம்பெனி கறாராகச் சொல்லியிருக்கும். அந்த வண்டிமுன் அவர் நின்ற நேரத்தில் ஒரு ஸ்வெட்டரும் இரண்டு ஜோடி ஷூவும் ஊருக்குப் போகும் வாய்ப்பை இழந்துவிடும்.

ஜூனில் அவருடைய கணக்கை மூடிவிடுவோம். ஜூலையில் மெயில் வரும். 'மரியாதைக்குரிய மேடம் அவர்களுக்கு' என்று, இருமலுக்கு அவசியம் இல்லாத தூரத்திலிருந்து தைரியமாகத் தொடங்கி, நலம் விசாரித்து, பனியையும் நாய்களையும் நினைவுகூர்ந்து, கடைசிப் பத்தியில் விஷயத்துக்கு வருவார்: 212ஆம் பக்கத்தில் மூன்றாவது வரியைத் தன் கட்டைவிரல் மறைத்துவிட்டது, அந்த ஒரு வரியை மட்டும் யாராவது பார்த்துச் சொல்ல முடியுமா? கட்டணம் ஏதும் உண்டென்றால் தெரிவிக்கவும்.