கண்ணாடிச் சமத்துவபுரம்

கொளத்தூரில் மீன் வாங்கப் போன என் தலையில், பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய ஆமைக்குட்டியையும் கட்டினார் கடைக்காரர். காதோரம் சிவப்புக் கோடு. “ஒரே தொட்டியில விடுங்க சார், ஒண்ணும் பண்ணாது.”

முதல் வாரம் பண்ணவில்லைதான். பிறகு கப்பிகள் குறைந்தன. தங்கமீனின் வால் போனது, மறுநாள் மீதியும். தண்ணீர் கலங்கி நாறியதால் ஃபில்டரைச் சந்தேகித்து மாற்றினேன் (அப்பாவி, பாவம்). ஆமையோ வெயில் காயும் கல்லில் ஏறி, விசாரணைக்கு முழு ஒத்துழைப்புத் தரும் முகத்தோடு கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது.

மறுபடி கடைக்குப் போனேன். “ஒரு அடி வரைக்கும் வளரும் சார். இருபது, முப்பது வருஷம்கூட இருக்கும்.”

“மீன்?”

“அதை வாராவாரம் வாங்கிக்கலாம்.”