'காலி' டிரம்மின் கொள்ளளவு

200 லிட்டர் இரும்பு டிரம் காலியாவது லேசுப்பட்ட காரியமல்ல. அமெரிக்கச் சட்டப்படி, வழக்கமான வழிகளில் வடித்தெடுத்த பின் அடியில் 2.5 செ.மீ. ரசாயனம் தங்கினாலும் அது 'காலி'தான். கணக்குப் போட்டால் சுமார் ஆறரை லிட்டர் 'ஒன்றுமில்லை'. கொடிய நஞ்சாக இருந்தால் மட்டும் மூன்று முறை அலச வேண்டும். அலசிய நீரை என்ன செய்வது என்பது அடுத்த தலைவலி. இந்தியாவின் 2016 அபாயக் கழிவு விதிகள் இத்தனை தாராளம் காட்டவில்லை. ரசாயனம் படிந்த காலிப் பீப்பாய்க்கு அட்டவணையில் 33.1 என்று தனி எண்ணே தந்திருக்கின்றன.

நசுக்குவதுதான் இருப்பதிலேயே சுலபம். மூடியைக் கழற்றி ஹைட்ராலிக் பிரஸ்ஸின் கீழ் வைத்தால், இடுப்புயர டிரம் ஒரு சாணுக்குள் அடங்கி உருக்காலைக்குப் புறப்பட்டுவிடும். மூடியோடு வைத்தால் 'ஒன்றுமில்லாதது' பீய்ச்சியடித்து ஆபரேட்டருக்கு அபிஷேகம் நடக்கும்.

நசுக்காதவை காயலான் கடைக்குப் போகின்றன. நிறைந்த டிரம்மைவிட ஆவி தங்கிய காலி டிரம்தான் எளிதில் வெடிக்கும். கேஸ் கட்டர் பிடித்தவருக்கு இந்தப் பாடம் ஒரே நொடியில் நடத்தப்படும். பிளாஸ்டிக் டிரம்மின் கதி வேறு. லேபிளை உரித்ததும் அது பரிசுத்தமாகி, கோடையில் வீட்டு வாசலில் தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கிறது.