காஸ்வேயும் கொடுவாவும்

தோல் நீக்கிய வெள்ளை மீன் துண்டை 200 டிகிரியில் ஓவனில் வைத்தால் 12 நிமிடம், மிஞ்சினால் 15 நிமிடம். ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் காஸ்வேயின் நீளம் ஒரு கிலோமீட்டர்தான். அதைத் தாண்ட எத்தனை நிமிடம் என்று எந்தச் சமையல் குறிப்பிலும் இல்லை. பொல்லாப்பே அங்கேதான்.

மகளுக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் வேலை. விடியுமுன் மோட்டாரில் கிளம்பினால் இரவுதான் திரும்புவாள். "இனிமே பொரிச்சது வேணாம்ப்பா. ஓவன்ல வச்சு, மேல ஹெர்ப் சாஸ் ஊத்திக் குடுங்க" என்று உத்தரவு. பென்ஷன்காரனுக்கு வேறென்ன வேலை?

மீனுக்குப் பஞ்சமில்லை. குக்குப் கடலோரத்தில் மிதவைக் கூண்டுகளில் வளரும் சியாக்காப், அதாவது நம் கொடுவா, சந்தையில் துள்ளாத குறையாகக் கிடைக்கும். இந்த மீன் ஆணாகத் தொடங்கி, சில வருடம் கழித்துப் பெண்ணாக மாறிவிடும். அம்மாவிடம் சொன்னேன். "அதுக்காவது புத்தி வந்துச்சே" என்றார். சதை ஓவனுக்கு, தலையும் முள்ளும் அம்மாவின் குழம்புச் சட்டிக்கு. இதுதான் எங்கள் வீட்டு ஒப்பந்தம்.

சாஸுக்குப் பார்ஸ்லி வேண்டுமாம். நாலு காம்பைப் பிளாஸ்டிக் பெட்டியில் படுக்க வைத்து, தங்க விலை சொல்கிறார்கள். வாசல் தொட்டியில் டாவூன் கெசும் மண்டிக் கிடக்கும்போது எனக்கென்ன தலையெழுத்து? ஒரு காம்பைத் தண்ணீரில் போட்டாலே வேர் விடுகிற இலை அது. அதோடு மல்லித்தழை, புதினா, பூண்டு, ஒரு பச்சை மிளகாய், எண்ணெய் சேர்த்துக் கொரகொரவென்று அரைத்தால், பார்ஸ்லி பக்கத்தில் நிற்காது. லீமாவ் கஸ்தூரி எலுமிச்சையை மட்டும் பரிமாறும்போது பிழிய வேண்டும். முன்பே பிழிந்தால் புளிப்பில் பச்சை மங்கிப் பாசி நிறமாகிவிடும்.

அம்மா எட்டிப் பார்த்தார். "மஞ்சள் இல்ல, மொளகாத்தூள் இல்ல. யாருக்குடா ஒடம்பு சரியில்ல?" ஸ்பகெட்டியில் ஊற்றிய ஜொகூர் லக்சாவை இரண்டு தட்டு சாப்பிடுகிறவர்தான் இப்படிக் கேட்கிறார்.

குழம்புக்கு ஒரு பெருந்தன்மை உண்டு. எத்தனை மணிக்கு வந்தாலும் காத்திருக்கும். மறுநாள் இன்னும் ருசிக்கும். ஓவன் மீனுக்கு அந்தக் குணமில்லை. வெள்ளை மீனில் கொழுப்பு குறைவு. நடுச்சதை 60 டிகிரியைத் தொட்டதும் இதழ் இதழாகப் பிரியும். 70ஐத் தாண்டினால் நீரெல்லாம் வெளியேறி, மெல்லும்போது தாத்தா குளுவாங்கில் பால்மரம் சீவிய காலம் ஞாபகத்துக்கு வரும். ஆகவே சாஸ் சாயங்காலமே தயார், மீன் குளிர்பெட்டியில். எல்லைச் சோதனைச் சாவடியிலிருந்து "சிஐகியூ தாண்டிட்டேன்" என்று வாட்ஸ்அப் வந்தபிறகே ஓவனுக்குள் போகும். அங்கிருந்து வீட்டுக்குக் கால்மணி நேரம். அதுவரை ஓவன் சும்மா கொதித்துக்கொண்டிருக்கும், நானும்தான்.

இனி புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு ஆர்டிஎஸ் ரயில். நாலு கிலோமீட்டர், ஐந்தே நிமிடம். இரண்டு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஏறுகிற இடத்திலேயே முடிந்துவிடும் என்கிறார்கள். ஊரே கொண்டாடுகிறது. எனக்குத்தான் கணக்கு உதைக்கிறது. அவள் ரயிலேறுமுன் மீனை உள்ளே தள்ளினால், அன்று பார்த்து ஓவர்டைம் என்பாள்.

அம்மாவுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. பேத்தியின் தட்டில் நான் பச்சை சாஸை அழகாகக் கோடிழுத்து முடிப்பதற்குள், பின்னாலிருந்து ஒரு கரண்டி குழம்பு வந்து விழுகிறது.