விடை 3, கருத்து பூஜ்யம்

1911ல் ராமானுஜன் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் ஒரு கேள்வி போட்டார்: வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவில்லாமல் போகும் ஒரு கோவைக்கு மதிப்பு என்ன? ஆறு மாதம் காத்திருந்தார். யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: 3.

2009ல் கதை நேர்மாறு: கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் டிமோதி கவர்ஸ் தன் வலைப்பூவில் ஒரு கணக்கை வைத்து, "சேர்ந்து போடலாம், வாருங்கள்" என்றார். டெரன்ஸ் டாவோ உட்படப் பலர் வந்தார்கள். தப்புவழிகளையும் மறைக்காமல் எழுதினார்கள், விக்கியில் தொகுத்தார்கள், சில வாரங்களில் முடித்தார்கள். கட்டுரை டி.எச்.ஜே. பாலிமத் என்ற இல்லாத ஆசாமியின் பெயரில் வந்தது.

நம்மூரில் இது நடக்குமா? கருத்துக்குப் பஞ்சமில்லை. மயிலாப்பூர் சபா கேன்டீனில், கச்சேரி முடியுமுன்பே வித்வானின் காம்போதியைத் திருத்திவிடுவார்கள். அதே ஆள் அடையாறு பக்கம் ஆய்வகத்துக்குள் நுழைந்தால் கப்சிப். அரைகுறை யோசனையை ஊரறிய எழுதினால் அடுத்தவன் கொத்திக்கொண்டு போவான். தவிர, பாலிமத்துக்கு யார் பதவி உயர்வு தருவது?

ஆகவே ஆய்வைச் சந்தா இதழுக்கே அனுப்புகிறோம். பிறகு அதைப் படிக்க 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற அரசுத் திட்டத்துக்கு 2025 முதல் மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய். அதுவும் அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத்தான். வரி கட்டிய தி. நகர் மாமா வெளியே நின்று சுருக்கத்தைப் படித்துக்கொள்ளலாம், அது இலவசம்.