சுவரும் மக்கள் பங்கேற்பும்

பொதுவெளிக் கலை என்பது, சுவருக்கு உரியவரைத் தவிர மற்ற அனைவரையும் கலந்தாலோசித்து வரையப்படும் ஓவியம்.

2011இல் மதுரை மாநகராட்சியில் சேர்ந்த ஆனையூரில் இது மூன்று வகைப்படும். முதலாவது, கட்சி விளம்பரம்: தேர்தலுக்கு வெகுமுன்பே வெள்ளையடித்து, சுவரை ‘ரிசர்வ்’ செய்வது. பொது இடங்களின் தோற்றம் கெடாமல் தடுக்கும் சட்டம் 1959 முதல் இருக்கிறது. எழுதுபவர்களுக்கும் அது தெரியும். இரண்டாவது, மாநகராட்சி ஓவியம்: ஜல்லிக்கட்டுக் காளை, கோபுரம், ‘குப்பை கொட்டாதீர்’ என்ற வாசகம், கீழே குப்பை. மூன்றாவது, காதுகுத்து முதல் கண்ணீர் அஞ்சலி வரைக்கும் உதவும் ஃபிளெக்ஸ். தாய்மாமன், பங்காளி, நண்பர் குழு என அத்தனை பேர் படமும் அதில் இருந்தாக வேண்டும். ஒரு முகம் விடுபட்டால் பந்தியில் சண்டை.

சென்னையில் நடந்தது வேறு. நகருக்குள்ளிருந்து அகற்றப்பட்டவர்கள் குடியமர்த்தப்பட்ட கண்ணகி நகர்க் குடியிருப்புகளில், 2020இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் மாநகராட்சியும் சேர்ந்து பிரம்மாண்ட ஓவியங்களை வரைவித்தன. குடியிருப்போரைத் தள்ளிவைத்த நகரம், சுவரைப் பார்க்க செல்ஃபோனோடு தேடி வந்தது.

கருத்தரங்குகளில் கலைஞர்கள் தேடும் ‘மக்கள் பங்கேற்பு’ ஆனையூர் ஃபிளெக்ஸின் அடிவரிசையில், பாஸ்போர்ட் அளவில், எப்போதோ நிறைவேறிவிட்டது. அங்கே குறைவது கலை மட்டுமே.