கடுகு செய்த கைங்கரியம்

டிஷ்வாஷர் இருக்கும் தமிழ் வீட்டில் ஒரு தட்டு மூன்று முறை குளிக்கும். உள்ளே போவதற்கு முன் ஒருமுறை, "இவ்வளவு அழுக்கோடயா மெஷின்ல வைக்கிறது" என்பதற்காக. உள்ளே ஒருமுறை. வெளியே வந்தபின் ஒருமுறை, "மெஷின் கழுவினதை எப்படி நம்புறது" என்பதற்காக. எங்கள் வீட்டில் முதல் குளியலும் மூன்றாவது குளியலும் அம்மாவின் பொறுப்பு. நடுக்குளியலைப் பார்த்துக்கொள்ளும் இயந்திரம் 2020 ஊரடங்கில் வந்தது. வேலைக்கு வரும் அக்கா வர முடியாமல் போக, ஊரெல்லாம் அடித்துப்பிடித்து வாங்கியபோது நாங்களும் வாங்கினோம். பிறகு அக்கா திரும்பி வந்துவிட்டார். இயந்திரமும் போகவில்லை. இன்றுவரை இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

கொஞ்ச காலமாக இயந்திரத்தின் வேலையில் ஒரு சுணக்கம். கண்ணாடி டம்ளர்களில் வெள்ளைப் படலம். மேலடுக்குக் கிண்ணங்களில் மட்டும் நறநறவென்று ஏதோ பொடி. ரசம் வைத்த பாத்திரத்தில் ரசம் எந்த உயரம்வரை இருந்தது என்பதற்கான கோடு அப்படியே இருந்தது. அம்மா ஒரு டம்ளரை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, "இதுக்குக் கண்ணுல புரை விழுந்துடுச்சுடா" என்றார். டம்ளரைச் சொன்னாரா, இயந்திரத்தைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மூன்றாவதாக ஒருத்தன் மாட்டுவான்.

ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். மனைவிக்கு இயந்திரத்தில் போடும் சோப்பு மாத்திரை மேல் சந்தேகம். இன்னும் விலை கூடினதாக வாங்க வேண்டுமாம். மைத்துனர், "வோல்டேஜ்" என்றார். மின்விசிறி மெதுவாகச் சுற்றுவதிலிருந்து பங்குச்சந்தை சரிவதுவரை எல்லாவற்றுக்கும் அவர் சொல்லும் காரணம் அதுதான். அம்மா, "புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்ச காலத்துல எந்தப் பாத்திரத்துக்கு மெக்கானிக் வந்தான்?" என்றார். இதற்கு யாரிடமும் பதில் இல்லை.

மெக்கானிக் வந்தார். கதவைத் திறந்தார், மூடினார், இரண்டு பட்டன்களை அழுத்தினார். "லைஃப் முடிஞ்சிருச்சு சார். மதர்போர்டு இன்னிக்கோ நாளைக்கோ. எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டுப் புதுசு எடுத்துக்கங்க" என்று சொல்லி, வந்ததற்கான கட்டணத்தை வாங்கிக்கொண்டு, ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல் கிளம்பிவிட்டார். அடியிலிருக்கும் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்காமல் டிஷ்வாஷருக்கு மரணச் சான்றிதழ் எழுதுபவரை நம்பக் கூடாது என்பது என் கட்சி. ஆகவே அவர் போனதும் நானே குனிந்தேன்.

ஃபில்டர் என்பது இயந்திரத்தின் தரையில் திருகி உட்கார வைத்திருக்கும் ஒரு சல்லடை. எங்கள் வீட்டில் அதற்கும் தினசரிக் குளியல் உண்டு. அம்மா அதைக் கழற்றி, சபீனா போட்டுத் தேய்த்து, பளபளவென்று திரும்ப வைத்துவிடுவார். வைப்பார், திருக மாட்டார். இறுகத் திருகாத ஃபில்டரின் ஓரமாக ஒரு சந்து விழும். அந்தச் சந்து வழியாகச் சாதாரண எச்சில் துணுக்குகள் பம்புக்குள் போய், அங்கிருந்து தண்ணீர் பீய்ச்சும் சுழல் கைகளுக்கு ஏறிவிடும்.

சுழல் கை என்று பெரிதாகச் சொல்கிறேனே தவிர, அது துளைகள் போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாய், அவ்வளவுதான். அதைச் சுற்றவைக்கத் தனி மோட்டார் எதுவும் கிடையாது. சில துளைகள் சாய்வாக இருக்கும். அவற்றிலிருந்து தண்ணீர் சீறும் வேகத்திலேயே கை எதிர்ப்பக்கம் சுற்றும். துளை அடைத்தால் அந்த இடத்தில் தண்ணீர் வராது என்பதோடு போகாது, கையே சுற்றாமல் நின்றுவிடும். மேல் கையைக் கழற்றி ஆட்டிப் பார்த்தேன். கிலுகிலுவென்று சத்தம். துளைகளைப் பல்குச்சியால் குத்திவிட்டு, குழாயடியில் பிடித்துக் கவிழ்த்தேன். கடுகு கொட்டியது. தாளித்த கடுகு, வெந்நீரில் ஊறிப் பருத்த கடுகு, வெடிக்காமலே தப்பித்த கடுகு. கூடவே கறிவேப்பிலைக் காம்பு, முருங்கைக்காய் நார், வற்றல் மிளகாய் விதை. வெளிநாட்டில் உட்கார்ந்து ஒரு பொறியாளர் ராத்திரி பகலாக யோசித்துப் போட்ட துளையும், நம் ஊர்க் கடுகும் இப்படி அச்சாகப் பொருந்துமென்று யார் நினைத்தார்கள்? சட்னி தாளிக்கும் தேசத்தில் இந்த இயந்திரத்தை விற்பவர்கள் முதல் பக்கத்திலேயே இதை எச்சரித்திருக்க வேண்டும்.

இதில் ஜோசபின் காக்ரேனைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஷெல்பிவில்லில் வாழ்ந்த வசதியான வீட்டுப் பெண்மணி. வேலைக்காரர்கள் கழுவும்போது தன் அருமைப் பீங்கான் தட்டுகள் விளிம்பு உடைகின்றன என்ற எரிச்சலில் இந்த இயந்திரத்தை உருவாக்கி, 1886 டிசம்பரில் காப்புரிமை வாங்கினார். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அது பாத்திரம் கழுவிக் காட்டியது. தட்டு, கோப்பை, சாசர் என்று அளவெடுத்துக் கம்பிக்கூடு செய்தவர் அவர். இட்லிப் பானையையும் ஆட்டுக்கல் அளவுக்கு இருக்கும் குக்கரையும் அவர் கண்டதில்லை. கண்டிருந்தால் காப்புரிமை இன்னும் பத்து வருடம் தள்ளிப் போயிருக்கும்.

கடுகை எடுத்தபின் கிண்ணங்கள் பிழைத்தன. டம்ளர்கள் பிழைக்கவில்லை. ஒன்றில் எலுமிச்சைச் சாறு தடவிப் பார்த்தேன், படலம் போய்விட்டது. போனால் அது சுண்ணாம்பு. போகவில்லையென்றால் கண்ணாடியே அரித்துப்போய்விட்டது, அதற்கு மருந்து கிடையாது. எங்களுடையது சுண்ணாம்பு, அதாவது தண்ணீர்.

சென்னையில் "தண்ணீர்" என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தமே இல்லை. மெட்ரோ தண்ணீரா, போர் தண்ணீரா, லாரித் தண்ணீரா என்று கேட்க வேண்டும். எங்கள் குடியிருப்பின் தொட்டியில் மூன்றும் கலந்திருக்கும். எந்த விகிதத்தில் என்பது செயலாளருக்கும் வருண பகவானுக்கும்தான் வெளிச்சம். இந்தத் தண்ணீரின் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துவைக்க இயந்திரத்துக்குள் ரெசின் என்று ஒன்று இருக்கிறது. அதை ஓர் அடகுக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்சியத்தை வாங்கி வைத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுத்தனுப்பும். கடை நிரம்பிவிட்டால் உப்புத் தண்ணீர் வந்து எல்லாவற்றையும் காலி செய்துவிட்டுப் போகும். அதற்குத்தான் அடியில் உப்புப் போடும் குழி. கிலோக் கணக்கில் நான் உப்புக் கொட்டுவதைப் பார்த்து அம்மா, "பாத்திரம் கழுவுறியா, மாவடு போடுறியா?" என்றார். சமையல் உப்பைப் போடாதீர்கள்; கட்டி தட்டாமலிருக்கச் சேர்க்கும் பொடி ரெசினுக்கு ஆகாது. கல் உப்பின் தூசும் ஆகாது.

ஆனால் எங்கள் வீட்டில் உப்பு குறைந்ததே இல்லையே? தவறு வேறிடத்தில் இருந்தது. தண்ணீரின் கடினத்தன்மை எவ்வளவு என்று இயந்திரத்துக்குச் சொல்லிவைக்க ஓர் அமைப்பு உண்டு. பொருத்த வந்தவர் அன்று குழாயில் வந்த மெட்ரோ தண்ணீரைப் பார்த்துவிட்டு, மிகக் குறைந்த அளவில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதன்பிறகு எத்தனை லாரி வந்து போயிற்று! இயந்திரத்துக்கு யாரும் சொல்லவில்லை. ஆர்.ஓ. ஆசாமி டி.டி.எஸ். மீட்டரில் காட்டும் எண்ணை இதற்கு நம்பக் கூடாது. அது கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வது. கடினத்தன்மைக்குத் தனிச் சோதனைத்தாள் இருக்கிறது. குடிதண்ணீருக்கான இந்தியத் தரநிலை, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு வழியில்லாவிட்டால் 600வரை. நாங்கள் வேறு வழியில்லாத கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். அளவைக் கூட்டி வைத்தேன். காலி இயந்திரத்தில் சிட்ரிக் அமிலம் போட்டுச் சூடான சுற்று ஒன்று ஓட விட்டேன். டம்ளருக்குப் பார்வை வந்தது.

மிச்சமிருப்பது முதல் குளியல். மாத்திரையில் மாவுச்சத்தைக் கரைக்கும் அமைலேஸ், புரதத்தைக் கரைக்கும் புரோட்டியேஸ் என்று நொதிகள் இருக்கின்றன, அவற்றுக்கும் வேலை வேண்டும், தட்டை வழித்துப் போட்டால் போதும், கழுவ வேண்டாம் என்று அம்மாவிடம் விளக்கினேன். முழுவதும் கேட்டார். "அப்ப எச்சில் தட்டை அப்படியே ராத்திரி முழுக்க வீட்டுக்குள்ள வெச்சிருக்கச் சொல்றே" என்றார். விஞ்ஞானம் அங்கே நின்றுவிட்டது. இரும்புக் கடாயும் மரக் கரண்டியும் அதற்குள் போகக் கூடாது என்று சொன்னபோது மட்டும் உடனே ஒப்புக்கொண்டார். இயந்திரத்தால் ஆகாதது எதுவானாலும் அவருக்குச் சம்மதம்.

ஆகவே உங்கள் வீட்டு டிஷ்வாஷர் சரியாகக் கழுவவில்லையென்றால், எக்ஸ்சேஞ்ச் கடைக்குப் போன் செய்யும் முன் சுழல் கையைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள். ஃபில்டரை முழுக்கத் திருகிப் பூட்டுங்கள். லாரி வந்த மாதம் இயந்திரத்திடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.